இலண்டன் பேரவையும் பசுமைக் கட்சியின் வேட்பாளர் வரிசையும்

தேர்தல் என்றதும் வாக்குச் சாவடியே மக்கள் நினைவில் எழுகிறது. ஆயினும், வெற்றி தோல்வியை உறுதி செய்யும் போட்டி சில வேளைகளில் அதற்குப் பல திங்கள் முன்னரே கட்சிக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. இலண்டன் மாநகரப் பேரவைக்குப் பசுமைக் கட்சியினர் வேட்பாளரைத் தெரிந்தெடுத்த வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

இங்கிலாந்தின் பசுமை இயக்கம் 1975இல் சூழலியல் கட்சி என்றும் 1985இல் பசுமைக் கட்சி என்றும் பெயர் பூண்டது. 1989ஆம் ஆண்டின் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அக்கட்சி ஏறத்தாழ 23 இலட்சம் வாக்குகளை, அஃதாவது ஏறக்குறைய 15 விழுக்காட்டினைப் பெற்றது. எனினும் ஓரிடமேனும் கிட்டவில்லை. தொகுதிதோறும் மிகுதியான வாக்குப் பெற்ற ஒருவரே வெல்லும் முறை அதற்குக் காரணமாயிற்று. அந்நாளில் பசுமைக் கட்சியின் வேட்பாளராவது பதவிக்குரிய வழியன்று. கொள்கைக்கு ஆற்றும் தொண்டு மட்டுமே.

இந்நிலையை மாற்றியது இலண்டன் பேரவையின் தோற்றமாகும். பெரு இலண்டன் மன்றம் 1986இல் கலைக்கப்பட்டபின், 14 ஆண்டுகள் மாநகர் முழுமைக்கும் பொதுவான மக்களாட்சி மன்றம் இல்லாதிருந்தது. 1998 மே 7ஆம் நாள் நடந்த பொது வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் 72 விழுக்காட்டினர் புதிய அமைப்புக்கு இசைவளித்தனர். 2000 மே 4ஆம் நாள் முதல் தேர்தல் நடந்தது. பேரவையின் 25 இடங்களில் 14 தொகுதிகளுக்கு உரியவை. எஞ்சிய 11 கட்சிப் பட்டியல்களுக்கு உரியவை. 5 விழுக்காடு வாக்குப் பெறாத கட்சிக்குப் பட்டியலில் இடமில்லை.

பசுமைக் கட்சி 11 விழுக்காடு வாக்குப் பெற்றது. டேரன் ஜான்சன், ஜென்னி ஜோன்ஸ், விக்டர் ஆண்டர்சன் ஆகிய மூவர் உறுப்பினராயினர். 2004 முதல் 2016 வரை நடந்த நான்கு தேர்தல்களில் இவ்விரண்டு இடங்களும், 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் மும்மூன்று இடங்களும் கிடைத்தன. அனைத்தும் பட்டியல்வழி வந்தவையே. ஆகவே, முதலிரு பெயர்களுக்கு வெற்றி ஏறக்குறைய உறுதி. மூன்றாம் பெயருக்கு ஐயம். நான்காம் பெயருக்கு உழைப்பே மிச்சம்.

இவ்வரிசையைத் தலைமை வகுப்பதில்லை, உறுப்பினர்களே வகுக்கின்றனர். இடம் நாடுவோர் தம் கருத்தையும் பணியையும் எழுதி அளித்து, கூட்டங்களில் வினாக்களுக்கு விடையிறுக்கின்றனர். உறுப்பினர்கள் விருப்ப வரிசைப்படி எண்ணிட்டு வாக்களிக்கின்றனர்.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. தனிமனிதரை உயர்த்துவதை விரும்பாத கட்சி இது. 2008இல் கரோலின் லூக்கஸ் தெரிவு செய்யப்படும் வரை, அக்கட்சிக்குத் தலைவர் என்னும் பதவியே இருந்ததில்லை. முதன்மைப் பேச்சாளர்களே இருந்தனர். அத்தகைய கட்சியில் ஒருவர், நேற்றுவரை தோளோடு தோள் நின்ற தோழரினும் தாமே தக்கவர் என்று கூற வேண்டியுள்ளது. தன்னடக்கத்தைப் போற்றும் நெஞ்சங்களுக்கு இஃது எளிய செயலன்று.

இப்போட்டி வீண் பெருமைக்கன்று என்பதை 2004ஆம் ஆண்டின் தேர்தல் மெய்ப்பித்தது. மேயரின் வரவு செலவுத் திட்டத்தைத் திருத்த, வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கினர் இசைய வேண்டும். 25 பேரும் வாக்களித்தால் 17 பேர் தேவை. மேயர் கென் லிவிங்ஸ்டனின் தொழிற் கட்சிக்கு 7 இடங்களே இருந்தன. பசுமைக் கட்சியின் இருவரும் சேர்ந்தால்தான் 9 ஆகித் திட்டம் காக்கப்படும். சிறு துரும்பும் பல்குத்த உதவும் அன்றோ! அவ்விருவரும் தம் ஆதரவுக்கு ஈடாக மிதிவண்டிப் போக்குவரத்துக்கும் தட்பவெப்ப மாற்றத்தைத் தடுக்கும் பணிகளுக்கும் கூடுதல் நிதி பெற்றனர்.

நான்காம் இடமும் பயனற்றதன்று. 2024இல் பேரவைக்கு வென்ற சியான் பெர்ரி, நாடாளுமன்றத் தேர்தலை முன்னிட்டுச் சில நாள்களிலேயே பதவி விலகினார். விதிப்படி, பட்டியலில் அடுத்திருந்த சோயி கார்பெட் மறுதேர்தலின்றி அவ்விடத்தை ஏற்றார். தாம் வாக்களித்தது எவருக்கு என்னும் வினாவும் அப்போது எழுந்தது. அவ்வினாவுக்குரிய விடை வாக்குச் சாவடியில் இல்லை. சில ஆயிரம் உறுப்பினர்கள் முன்னரே எண்ணிட்ட தாளில் இருந்தது.

பட்டியல் முறை சிறு கட்சிக்கு வாயிலைத் திறந்தது. ஆனால், அவ்வாயிலில் எவர் நுழைவது என்பதை வரையறுக்கும் பொறுப்பைப் பொதுமக்களிடமிருந்து கட்சி உறுப்பினருக்கு மாற்றியும் விட்டது. மக்களாட்சியைப் பயிலும் மாணவர், தேர்தல் நாளை மட்டுமன்றி, அதற்கு முந்திய இத்தெரிவையும் கருத்தூன்றிக் கற்றல் வேண்டும்.