ஆண்களின் சிறுநீர்க் கசிவுக்கான மருந்துகள்: கோலார் தங்கவயல் நோக்கில்

சிறுநீர்க் கசிவு என்பது அடக்க முடியாமலோ, இருமும்போதோ, அறியாமலோ சிறுநீர் வெளியேறிவிடும் நிலை. இது தனி நோயன்று; பல கோளாறுகளின் அறிகுறி. ஆண்களிடம் புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்ப்பை கட்டுப்பாடின்றிச் சுருங்குதல், நீரிழிவால் நரம்பு பாதித்தல், புராஸ்டேட் அறுவை ஆகியவை முக்கியக் காரணங்கள். காரணம் தெரிந்த பிறகே மருந்து என்பது பொதுவிதி. கோலார் தங்கவயலில் அவ்விதி இன்னும் கண்டிப்பானது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்ற, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட சுரங்கங்களில் பாறைத் தூசியைச் சுவாசித்த தமிழ்த் தொழிலாளர்கள் பலர் இன்று முதியவர்கள். இந்தியாவில், பாறைத் தூசியால் நுரையீரலில் வரும் சிலிக்கோசிஸ் நோயைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று 1947-இல் இங்கிருந்தே வெளிவந்தது.

புராஸ்டேட் வீக்கத்தில் டாம்சுலோசின் 0.4 மி.கி. சிறுநீர்ப்பைக் கழுத்தின் தசையைத் தளர்த்துகிறது. எழும்போது தலைச்சுற்றல் வரலாம். ஃபினாஸ்டெரைடு 5 மி.கி. சுரப்பியைச் சுருக்குகிறது, பலன் தெரிய ஆறு மாதம் ஆகலாம். அவசர உந்துதலுக்கு டோல்டெரோடின், சோலிஃபெனாசின் போன்றவை சிறுநீர்ப்பையின் சுருக்கத்தைக் குறைக்கின்றன. வாய் உலரும், மலம் கட்டும், முதியோருக்குக் குழப்பமும் நேரலாம். மிராபெக்ரான் இவ்வகைக்கு மாற்று. ஆனால் இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். அறுவைக்குப் பின் இருமலில் கசிவதற்கு முதல் சிகிச்சை மாத்திரையன்று, இடுப்புத்தளத் தசைப் பயிற்சியே.

சுரங்கத் தொழிலாளருக்குத் தனி ஆபத்து உண்டு. தூசியால் வரும் மூச்சுக்குழாய் அடைப்புக்குத் தரும் டியோட்ரோபியம், இப்ராட்ரோபியம் இன்ஹேலர்களும் சோலிஃபெனாசின் வகையைப் போலவே செயல்படுபவை. இரண்டும் சேர்ந்தால் சிறுநீர் அடைபட்டுப் போகலாம். சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமின் மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். நிரம்பி வழியும் சிறுநீர்ப்பைக்குச் சோலிஃபெனாசின் வகை மருந்தைக் கொடுத்தால், கசிவு நின்றதுபோல் தோன்றி முழு அடைப்பில் முடியலாம்.

சோதனைக்குச் செலவாகும், முதலில் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாமே என்பர். சிறுநீர்ச் சோதனை, இரத்தச் சர்க்கரை, சிறுநீர் கழித்தபின் எஞ்சும் அளவைக் காட்டும் ஸ்கேன் ஆகிய மூன்றும் எளியவை. திடீர் அடைப்பின் அவசரச் சிகிச்சையோ அவற்றைவிட அதிகச் செலவு வைக்கும். வயதானால் இப்படித்தான் என்பதும் சரியன்று. வயது இதன் வாய்ப்பைக் கூட்டுகிறதே தவிர, சிகிச்சையைத் தேவையற்றதாக்குவதில்லை. பொதுக் கழிப்பறைக்கு நடந்துபோக வேண்டிய சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீடுகளில், இரவில் படும் அவசரம் விழுந்து எலும்பு முறியவும் காரணமாகலாம். எனவே இக்குறை உள்ளவர்கள் வெட்கப்படாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். செல்லும்போது இன்ஹேலரையும் மற்ற எல்லா மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.