எடின்பரோவிலிருந்து கட்டிங் டேபிளுக்கு

திருப்பூரில் ஒரு கட்டிங் மாஸ்டரிடம் சைஸ் ரேஷியோ என்னவென்று கேட்டால், பல நேரம் ‘ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, ஒண்ணு’ என்பார். எஸ் ஒரு பங்கு, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று. 12,000 பீஸ் ஆர்டர் என்றால் ஓரத்து சைஸ்கள் ஆளுக்கு 2,000, நடு சைஸ்கள் ஆளுக்கு 4,000. துணிமேல் விரிக்கும் வெட்டுத்தாளான மார்க்கரில் ஆறு பீஸ் அடங்கும். 100 ப்ளை, அதாவது நூறு அடுக்குத் துணி, வைத்து விரித்தால் இருபது லே, அதாவது இருபது விரிப்பு. அந்த நான்கு எண்களையும் உயரமாக்கி, செவ்வகங்களை இடைவெளியில்லாமல் ஒட்டி நிறுத்துங்கள். பள்ளிக்கூடத்தில் நிகழ்வுச் செவ்வகம் என்று வரைந்தோமே, அதுதான் இது. பரீட்சை முடிந்ததும் மறந்துபோன அந்தப் படத்தை வைத்துத்தான் ஊரே துணி வெட்டுகிறது.

சைஸ் என்றால் மார்புச் சுற்றளவு; அதை இப்படி எண்ணிப் பார்ப்பது புதிதல்ல. 1817-இல் எடின்பரோவில் வெளிவந்த மருத்துவ இதழ் ஒன்றில், ஸ்காட்லாந்து படைவீரர்களின் அளவுப் பட்டியல் அச்சானது. ராணுவ ஒப்பந்தக்காரர் ஒருவரிடமிருந்து வந்த பட்டியல் அது. பெல்ஜியத்து வானியலாளர் அடால்ஃப் கெட்லே அதை எடுத்துத் தொகுத்து 1846-இல் வெளியிட்டார். மொத்தம் 5,738 பேர். 33 அங்குலத்தில் மூன்று பேர், 36-இல் 185, 38-இல் 749, 40-இல் 1,079. அதற்குப் பிறகு இறக்கம்: 42-இல் 658, 44-இல் 92, 48-இல் ஒரே ஒருவர். 38 முதல் 41 வரையிலான நான்கே அங்குலங்களுக்குள் மூன்றில் இரண்டு பங்கு ஆட்கள் அடங்கிவிட்டார்கள்.

கெட்லே இதில் தேடியது ‘சராசரி மனிதனை’. தத்துவத்துக்கு அவன் உதவலாம். அவனுக்கு மட்டும் பனியன் தைத்தால் ஒரே சீசனில் கம்பெனியை மூட வேண்டியதுதான். வியாபாரத்துக்கு வேண்டியது சராசரி அல்ல, பரவல்: எந்த அளவில் எத்தனை பேர் என்ற கணக்கு.

நிகழ்வுச் செவ்வகத்துக்கு ஹிஸ்டோகிராம் என்ற பெயரை 1890-களில் லண்டனில் சூட்டியவர் கார்ல் பியர்சன். அவர் நடத்திய ‘பயோமெட்ரிகா’ இதழின் தொகுதிகளை 1915-இல் கேம்பிரிட்ஜிலிருந்து கல்கத்தாவுக்கு எடுத்து வந்தார் மகாலனோபிஸ். இயற்பியல்காரரான அவர் அவற்றைப் படித்துப் புள்ளியியலுக்குத் தாவினார். 1922-இல் அவர் வெளியிட்ட ஆய்வு, கல்கத்தாவின் ஆங்கிலோ இந்திய ஆண்கள் 200 பேரின் உயரத்தைப் பற்றியது. 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகம் பிறந்தது. (பனியன் மெஷினும் கல்கத்தாவிலிருந்துதான் திருப்பூருக்கு வந்தது என்று ஊரில் சொல்வார்கள்.)

ஆனால் கட்டிங் டேபிளுக்கு வந்த படம் கல்கத்தா வழியாக வரவில்லை, வெளிநாட்டிலிருந்து வாங்க வரும் பையரோடு வந்தது. அமெரிக்க வேளாண் துறை 1939-40-இல் சுமார் 15,000 பெண்களை அளந்தது, ரெடிமேட் உடைகளுக்குப் பொது அளவு வேண்டும் என்றுதான். அப்படிப்பட்ட அளவெடுப்புகளும் கடைகளின் விற்பனைக் கணக்கும் சேர்ந்து சைஸ் சார்ட் ஆயின. 1970-களின் கடைசியில் இத்தாலியிலிருந்து பையர்கள் வரத் தொடங்கியபின், பிற நாட்டு உடம்புகளின் பரவல் ஆர்டர் ஷீட்டில் நான்கைந்து எண்களாகச் சுருங்கி இங்கே வந்து இறங்கியது.

உள்நாட்டுப் பனியனில் கணக்கு இன்னும் வெளிப்படை. லேபிளில் 80, 85, 90, 95 என்று சென்டிமீட்டரே இருக்கும். பாடப்புத்தகம் ‘பிரிவு இடைவெளி’ என்பது இந்த ஐந்து சென்டிமீட்டரைத்தான். அதை இரண்டாகக் குறைத்தால் எல்லோருக்கும் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் கடைக்காரர் எத்தனை சைஸை அடுக்கி வைப்பார்? பத்தாக்கினால் ஸ்டாக் குறையும், பாதிப் பேருக்குத் தொளதொளக்கும். பின்னல் துணி இழுத்தால் கொடுக்கும் என்பதால் ஐந்து தாங்குகிறது. சட்டைத் துணிக்கு அந்தச் சலுகை கிடையாது; அதனால்தான் சட்டைக் காலரில் 38, 39, 40 என்று ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு சைஸ்.

நம் உடம்புக்கான படம்? தேசிய ஃபேஷன் டெக்னாலஜி நிறுவனமான நிஃப்ட், ‘இந்தியாசைஸ்’ திட்டத்தில் ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்க இறங்கியது. நல்ல வேலை, ஆனால் அதற்காகத் திருப்பூர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆன்லைனில் விற்கும் ஒவ்வொரு கம்பெனியிடமும் எந்த சைஸ் போனது, எது திரும்பி வந்தது என்ற கணக்கு இருக்கிறது. முதலாளிமாரே, அடுத்த லே விரிக்கும் முன் அதை ஒரு தாளில் செவ்வகங்களாக வரைந்து பாருங்கள்.