கரியாஹாட்டில் முதல் மிதிவண்டி



இன்று கொல்கத்தா என வழங்கும் கல்கத்தா மாநகரின் தென்பகுதியில், ராஷ்பிகாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் சந்திக்கும் நாற்சந்தியில் ஒரு மாலைப்பொழுது நின்று பார்த்தவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். புடைவைக் கடைகளின் விளக்கொளி ஒருபுறம்; காய்கறியும் மீனும் விற்கும் அங்காடியின் ஆரவாரம் ஒருபுறம்; நடைபாதையை நிறைத்து நிற்கும் சிறு கடைகள்; தலைக்குமேல் 2002-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மேம்பாலம். அங்கிருந்து மேற்கே சிறிது தொலைவு சென்றால் லேக் மார்க்கெட் வட்டாரம். பல தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் குடியிருந்துவரும் பகுதி அது.

அக்குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர், தம் முதற் சம்பளத்தைக் கொண்டு ஒரு மிதிவண்டி வாங்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பால்காரரும் செய்தித்தாள் போடுபவரும் ஓட்டும் கனத்த வண்டியை அவர் விரும்பவில்லை. தாழ வளைந்த கைப்பிடியும், மெல்லிய டயரும், பல கியர்களும் கொண்ட 'ரோடு பைக்' மீதே அவருக்கு ஆசை. எதைப் பார்த்து வாங்குவது? விலையையா, கம்பெனியின் பெயரையா, எடையையா? இவ்வினாவுக்கு விடை காண மிதிவண்டியின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தல் நலம். இதே வினாவை நூற்றைம்பது ஆண்டுகளாகப் பலரும் கேட்டு வந்திருக்கிறார்கள். சிலர் தவறான விடை கண்டு விழுந்தும் இருக்கிறார்கள்.

1886-ஆம் ஆண்டில் தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர், உலகைச் சுற்றிவரும் தம் பயணத்தினிடையே, லாகூரிலிருந்து பெருவழிச் சாலையில் மிதிவண்டி ஓட்டிக்கொண்டு கல்கத்தா வந்து சேர்ந்தார். அவர் ஏறிவந்த வண்டியை இக்காலத்தார் கண்டால் வியப்படைவர். அதன் முன்சக்கரம் ஐம்பது அங்குல விட்டம் உடையது. பின்சக்கரமோ மிகச் சிறியது. அவ்வண்டிக்குச் செயின் கிடையாது. பெடல்கள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. ஒருமுறை மிதித்தால் சக்கரம் ஒருமுறை சுழலும். ஆகவே விரைவாகச் செல்ல வேண்டுமானால் சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும். சக்கரம் பெரிதாக வேண்டுமானால் ஓட்டுபவரின் கால் நீளமாக இருக்க வேண்டும். வழியில் ஒரு கல் தடுக்கினால், ஓட்டுபவர் கைப்பிடிக்கு மேலாகத் தலைகுப்புற விழுவார். குட்டையானவர், முதியவர், நீண்ட ஆடை உடுத்த பெண்டிர் ஆகியோருக்கு அவ்வண்டியில் இடமே இல்லை. இளமையும் உடல் வலிமையும் வாய்ந்த ஆடவர்க்கே அது ஏற்றதாயிருந்தது. மனிதன் வண்டிக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்ள வேண்டியிருந்த காலம் அது.

ஸ்டீவன்ஸ் கல்கத்தாவை அடைவதற்கு முந்திய ஆண்டிலேயே, அதாவது 1885-இல், இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்னும் வண்டியை வெளியிட்டிருந்தார். ஏறத்தாழ ஒத்த அளவுள்ள இரு சக்கரங்கள், நடுவே பெடல், பெடலையும் பின்சக்கரத்தையும் இணைக்கும் செயின். சக்கரத்தைப் பெரிதாக்காமலே, பல்சக்கரங்களின் அளவை மாற்றி விரைவைப் பெறலாம் என்பது இவ்வமைப்பின் சிறப்பு. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். செயினும் காற்றடைத்த டயரும் சேர்ந்த பின்னர்தான் மிதிவண்டி எல்லோருக்கும் உரிய ஊர்தியாயிற்று. வேகம் குறையாமலே அச்சம் குறைந்தது.

கல்கத்தாவில் மிதிவண்டியைப் பரப்பியவர்களுள் முதன்மையாகக் கூறத்தக்கவர் ஹேமேந்திர மோகன் போஸ். 1864 முதல் 1916 வரை வாழ்ந்த இவர், 'குந்தலீன்' என்னும் கூந்தல் தைலத்தால் வங்காளமெங்கும் பெயர் பெற்றவர். மிதிவண்டி வணிகத்தில் இறங்கிய இந்தியர்களுள் முன்னோடி. விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ், வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய், மருத்துவர் நீல்ரத்தன் சர்க்கார் ஆகிய பெரியோர்க்கு இவரே மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார் என்பது கல்கத்தாவில் வழிவழியாகப் பேசப்படும் செய்தி. முதல் மிதிவண்டி என்றால் சிறுவர்க்கே உரியது என்று நினைக்கிறோம். படித்துப் பட்டம் பெற்றுப் பெயரும் நிலைநாட்டிய பெரியவர்கள், தெருவில் தள்ளாடிப் பழகுவதற்கு நாணவில்லை. புதிதாகத் தொடங்குபவர்க்கு இதைவிட நல்ல ஆறுதல் வேண்டுவதில்லை.

பின்னர் இவ்வூரிலிருந்தே மிதிவண்டியில் உலகை வலம்வரப் புறப்பட்டவர்களும் உண்டு. 1926 டிசம்பர் 12-ஆம் நாள் பிமல் முகர்ஜி தம் நண்பர் மூவருடன் கல்கத்தாவிலிருந்து கிளம்பினார். அவர் ஊர் திரும்பியது 1937-இல். அவர்கள் நாடியது தொலைவையே. அவ்வாறு தொலைவு செல்லும் ஒருவர்க்குத் தம் உடலுக்குப் பொருந்தாத வண்டி பத்து நாளும் பயன்படாது.

இவ்விடத்தில் நம் தமிழ்நாட்டு அனுபவத்தை நினைத்துப் பார்ப்போம். நம்மவரில் எத்தனை பேர் 'குரங்குப் பெடல்' போட்டு சைக்கிள் பழகினோம்! சீட்டில் ஏறினால் கால் எட்டாது. ஆகவே பாருக்கு அடியில் காலை நுழைத்து, உடலை ஒருபுறம் சாய்த்து, அரைப் பெடல் அரைப் பெடலாக மிதித்துச் செல்வோம். அப்பாவின் வண்டி மகனுக்குப் பொருந்தாமையால் விளைந்த வித்தை அது. வாடகைக் கடைகளில் 'கால் சைக்கிள்', 'அரை சைக்கிள்', 'முக்கால் சைக்கிள்' என்று வைத்திருந்தார்களே, அக்கடைக்காரர்கள் நூல் எதுவும் படித்தவர்கள் அல்லர். எனினும் மிதிவண்டித் தேர்வின் முதல் விதியை அறிந்திருந்தார்கள். சிறுவனை நிற்கவைத்துக் காலைப் பார்த்த பின்பே வண்டியை எடுத்துக் கொடுத்தார்கள்.

நாடு விடுதலை பெறும் வரை நல்ல மிதிவண்டிகள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தே வந்தன. விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1949-இல் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்தது. மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலே தொழிற்சாலை எழுந்தது. 1951-இல் சோனிப்பட்டில் அட்லஸும், 1956-இல் லூதியானாவில் ஹீரோவும் தோன்றின. இவை செய்த வண்டிகளுள் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் அமைந்தவை: 28 அங்குலச் சக்கரம், உயர்ந்த ஃபிரேம், கம்பி பிரேக், உறுதியான கேரியர், ஏறத்தாழ இருபது கிலோ எடை. அரிசி மூட்டையும் பால் கேனும் ஏற்றுவதற்கு அதனினும் பொருத்தமான வண்டி வேறில்லை. சென்-ராலே 1980-இல் அரசுடைமையாகிப் பிற்காலத்தில் மூடப்பட்டது. அட்லஸின் கடைசி ஆலையும் 2020-இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயினும் அவ்வார்ப்பில் அமைந்த வண்டிகள் இன்றும் நம் ஊர்களில் சுமை சுமக்கின்றன.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நிகழ்ந்ததையும் கூற வேண்டும். ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபொழுது, அறிவொளி இயக்கத்தின் வழியே கிராமப் பெண்கள் பல்லாயிரவர் எழுத்தோடு சைக்கிளும் கற்றனர். பெண்களுக்கென்று செய்யப்பட்ட வண்டிகள் போதாமையால் பலர் ஆண்கள் வண்டியையே எடுத்தனர். முன்னாலுள்ள பாரில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதால் அதுவே மேல் என்று கூறியவரும் உண்டு. கடையில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டு 'ஆண்', 'பெண்' என்று பிரிக்கிறது. வாழ்க்கையின் தேவையோ வேறுவிதமாகப் பிரிக்கிறது. அப்பெண்கள் தம் வாழ்க்கைக்கேற்ற வண்டியைத் தாமே தேர்ந்தார்கள்.

இனி, நம் இளம்பெண் விரும்பும் ரோடு பைக்கின் வரலாற்றுக்கு வருவோம். இவ்வண்டி பந்தயத்தின் குழந்தை. தூர் தெ பிரான்ஸ் எனப்படும் பிரெஞ்சு நாட்டுச் சுற்றுப் பந்தயம் 1903-இல் தொடங்கியது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கியர் அமைப்பு, அப்பந்தயத்தில் 1937-ஆம் ஆண்டில்தான் அனுமதிக்கப்பட்டது. அதுவரை மலையடிவாரம் வந்ததும் வீரர்கள் வண்டியிலிருந்து இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, அதன் மறுபுறமுள்ள பல்சக்கரத்தைப் பயன்படுத்தினர். பந்தயத்தை நிறுவிய ஆன்ரி தெக்ராஞ்சுக்கு இக்கியர் முறை உவப்பானதாயில்லை. இன்று கியரில்லாத ரோடு பைக்கைக் காண்பதே அரிது.

டயரின் கதையும் இதுபோன்றதே. மெல்லிய டயரில் மிகுந்த காற்றழுத்தம் வைத்தால் வேகம் கூடும் என்று நெடுங்காலம் நம்பினர். 23 மில்லிமீட்டர் அகலமே பந்தய வீரர்க்கு இலக்கணமாயிருந்தது. கரடுமுரடான சாலையில் சற்றே அகன்ற டயர், குறைந்த அழுத்தத்தில், விரைவை இழக்காமல் அதிர்ச்சியையும் தாங்கும் என்பது பிற்காலத்துச் சோதனைகளால் தெரியவந்தது. இன்று பந்தய வீரர்களே 28 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் அகன்ற டயர்களை விரும்புகின்றனர்.

இவ்வரலாற்றை மனத்திற்கொண்டு கரியாஹாட்டுக்குத் திரும்புவோம். கல்கத்தாவில் 1873-இல் குதிரைகள் இழுக்கும் டிராம் ஓடியது. 1902-இல் மின்சார டிராம் வந்தது. தண்டவாளம் பதிந்த தெருக்களில், தண்டவாளத்தை ஒட்டி ஒரு நீண்ட பள்ளம் இருக்கும். மெல்லிய டயர் அப்பள்ளத்தில் இறங்கிவிட்டால் கைப்பிடியைத் திருப்ப இயலாது. ஓட்டுபவர் விழுவது உறுதி. ஆகவே இத்தெருக்களுக்கு 28 அல்லது 32 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் ஏற்கும் வண்டியே வேண்டும். தண்டவாளத்தையும் குறுக்கே, நேராகவே கடக்க வேண்டும். ஊர் சமவெளி, ஏற்றம் என்று சொல்லத்தக்கவை பாலங்களே. ஆதலால் கியர்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டா. ஆனி ஆடி மாதங்களில் மழை வெள்ளம் தெருவில் நிற்கும். ரிம்மைப் பற்றும் பிரேக் நனைந்தால் பிடி தளரும். டிஸ்க் பிரேக்குக்குக் கூடுதலாகச் செலவழித்தால் அச்செலவு வீணாகாது. மட்கார்டு பொருத்த இடமுண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுதல் நன்று.

இவை அனைத்தினும் முதன்மையானது அளவு. ஃபிரேமில் 50, 52, 54 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்புதல் ஆகாது. ஒரு கம்பெனியின் 52 மற்றொன்றின் 52-க்கு ஒத்திராது. பாரின் இருபுறமும் காலை ஊன்றி நின்றால், உடலுக்கும் பாருக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டரேனும் இடைவெளி வேண்டும். சீட்டில் அமர்ந்து, கீழே நிற்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்பொழுது முழங்கால் சற்றே மடங்கியிருக்க வேண்டும். கைப்பிடியைப் பற்றினால் முழங்கை விறைக்காமல் தளர்ந்திருக்க வேண்டும். முதுகும் கழுத்தும் வலிக்கும் அளவுக்குக் குனிய வைக்கும் வண்டி, எவ்வளவு அழகாயிருந்தாலும், ஒரு மாதத்தில் மாடிப்படியின் கீழ் தூசு படிந்து கிடக்கும். கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல், ஹெல்மெட், முன்விளக்கு, பின்விளக்கு, மணி, பூட்டு, காற்றடிக்கும் பம்பு ஆகியவற்றுக்கும் ஒரு பங்கு ஒதுக்கி வைக்க வேண்டும்.

வண்டியைத் தேர்ந்துவிட்டார், ஆனால் அதை ஓட்டச் சாலை வேண்டுமே! போக்குவரத்தின் வேகம் தடைப்படுகிறது என்று கூறி, கல்கத்தா போலீசார் 2008-இல் சில பெருஞ்சாலைகளில் மிதிவண்டியைத் தடை செய்தனர். 2013-இல் அத்தடை 174 சாலைகளுக்கு விரிந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னர் அவ்வெண்ணிக்கை 62 ஆகக் குறைக்கப்பட்டது. தடையால் முதலில் தாக்குண்டவர்கள் உடற்பயிற்சிக்காக ஓட்டுபவர்கள் அல்லர். பால், செய்தித்தாள், மீன் ஆகியவற்றைச் சுமந்து வருபவர்களும், பேருந்துக் கட்டணத்தை மிச்சப்படுத்தி வேலைக்குச் செல்லும் தொழிலாளரும்தான். அதே மாநில அரசு 2015-இல் 'சபுஜ் சாத்தி' என்னும் திட்டத்தின் கீழ்ப் பள்ளி மாணவ மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. ஒரு கை கொடுக்க, மறு கை தடுத்தது.

ஆகவே நம் இளம்பெண் கடைக்குச் செல்லும் முன்பாகத் தம் வீட்டிலிருந்து அலுவலகம் வரை ஒருமுறை நடந்தே செல்லட்டும். எத்தெருவில் மிதிவண்டிக்கு அனுமதி உண்டு, எங்கே தண்டவாளம் உண்டு, எங்கே மழைநீர் தேங்கும், எந்த மூலையில் பஞ்சர் ஒட்டுபவர் உட்கார்ந்திருக்கிறார் என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளட்டும். பின்னர் அவ்வழிக்கும் தம் உடலுக்கும் பொருந்தும் வண்டியைக் கேட்கட்டும். வாங்கிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், நெரிசல் தொடங்குமுன், மரங்கள் நிழல்செய்யும் சதர்ன் அவென்யூவில் மெதுவாக ஓட்டிப் பழகட்டும். முதல் நாள் சற்றே தள்ளாடினால் என்ன? ஜகதீச சந்திர போசும் தள்ளாடித்தானே பழகியிருப்பார்!

அப்படி ஓட்டுகையில், பக்கத்தில் பால் கேன் கட்டிய பழைய வண்டி ஒன்று வந்தால், அதற்கு வழிவிட்டுச் செல்வாராக. ஒன்று புதியது, மற்றொன்று பழையது. ஒன்று பத்துக் கிலோ, மற்றொன்று இருபது கிலோ. சாலையில் இரண்டுக்கும் உள்ள உரிமை ஒன்றே. அவ்வுரிமை பறிபோகும் நாளில் கனத்த வண்டியோடு மெல்லிய வண்டியும் வீட்டில் நிற்கவேண்டியதுதான்.