பாலிஷ் டப்பா தந்த ஆயுள்

சாவித்திரி யமனிடம் வாதாடிக் கணவனை மீட்டது புராணம். 1958-ல் ஸ்வீடன் தேசத்து எல்ஸ் மரீ லார்ஸன் வாதாடியது இரண்டு மனிதர்களிடம்.

அவர் கணவர் ஆர்னேவுக்கு வயது 43. இருதயம் அடிக்கடி நின்று நின்று ஓடியது. நாளுக்கு இருபது தடவைக்குமேல் நினைவு தப்பியது. இருதயமும் ஒரு தசைதானே? மின்சாரம் லேசாகத் தீண்டினால் சுருங்கும். ஆனால் அதற்கான கருவியை உடம்புக்குள் வைப்பது எப்படி? டாக்டர் ஸென்னிங்கும் பொறியியலாளர் எல்ம்க்விஸ்டும் தயங்கினார்கள். அம்மாள் விடவில்லை.

வால்வுகள் கொண்ட பெரிய கருவிக்கு உடம்பில் இடமேது? வழி காட்டியது டிரான்ஸிஸ்டர். இரண்டே டிரான்ஸிஸ்டர்களால் சீரான துடிப்பை உண்டாக்கும் சுற்றை அமைத்தார் எல்ம்க்விஸ்ட். ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக்கி, பிசின் வார்த்து மூடினார். உள்ளிருக்கும் பாட்டரிக்குத் தோலைத் துளைக்காமலே வெளியிலிருந்து மின்சாரம் ஏற்றலாம்.

அக்டோபர் 8-ல் பொருத்திய அந்தக் கருவி சில மணி நேரத்தில் நின்றது. மற்றொன்றை வைத்தார்கள். வருஷங்கள் போகப் போகச் சுற்று முழுவதும் சிறு சிலிக்கன் சில்லில் அடங்கியது. ஆர்னேவுக்கும் கருவிகள் மாறிக்கொண்டே வந்தன.

எல்ம்க்விஸ்ட் 1996-ல் காலமானார், ஸென்னிங் 2000-ல். ஆர்னே மறைந்தது 2001-ல், அதுவும் இருதயத்தால் அல்ல. சாவின் வாசலில் நின்றபோது வயது 43. அதற்குமேல் வாழ்ந்ததும் 43 வருஷம்!