விமானக் கட்டணமும் சீட்டு வாங்கும் நாடும்

பன்னாட்டு விமானப் பயணத்தின் விலை, சீட்டு எந்த நாட்டில் விற்கப்படுகிறது என்பதைப் பொறுத்து ஓரளவு மாறும். பயணம் எந்த நாட்டில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்தோ பெரிதும் மாறும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

கட்டணம் பொதுவாகப் பயணம் தொடங்கும் நாட்டின் நாணயத்தில் நிர்ணயிக்கப்படுகிறது. சென்னை மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூர் சென்று திரும்பும் கட்டணம் ரூபாயிலும், அங்கிருந்து சென்னை வந்து திரும்பும் கட்டணம் சிங்கப்பூர் டாலரிலும் அமைகின்றன. இரண்டாவது சீட்டைத் தாம்பரத்திலுள்ள ஏஜென்ட் விற்றாலும் டாலர் கட்டணமே ரூபாய்க்கு மாற்றப்படும். இவை தனித்தனிச் சந்தைகள். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் நீண்ட விடுமுறை மே மாதத்தில். சிங்கப்பூரில் ஜூனிலும் ஆண்டு இறுதியிலும். எனவே கோடையில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கக் குரோம்பேட்டையிலிருந்து கிளம்பும் பெற்றோரும், டிசம்பரில் பல்லாவரம் வரும் மகன் குடும்பமும் ஒரே வழித்தடத்தின் இருவேறு நெரிசல்களுக்கு விலை கொடுக்கிறார்கள். மலிவான திசையில் சீட்டு வாங்கி, திரும்பும் பகுதியை மட்டும் பயன்படுத்தவும் வழியில்லை. முதல் பகுதியில் ஏறாதவரின் எஞ்சிய பயணத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் ரத்து செய்துவிடும்.

சில சலுகைக் கட்டணங்கள் குறிப்பிட்ட நாட்டில் மட்டுமே விற்கப்படுகின்றன. நாணய மதிப்பு செயற்கையாக நிறுத்திவைக்கப்படும்போது நாடுகளுக்கிடையிலான விலை இடைவெளி மிகவும் விரியும். 2013, 2014இல் வெனிசுவேலாவில் அரசின் மாற்று விகிதப்படி அந்நாட்டு நாணயமான பொலிவாரில் வாங்கிய சீட்டுகள் மிக மலிவாக இருந்தன. பணத்தை வெளியே கொண்டுபோக முடியாத நிறுவனங்கள் அங்கு விற்பனையைக் குறைத்தன. சாதாரணக் காலங்களில், வெளிநாட்டுத் தளத்தில் வாங்கிக் கிடைக்கும் சிறு ஆதாயத்தை, அயல்நாணயச் செலவுக்கு இந்திய வங்கி அட்டைகள் பல பிடிக்கும் 3.5 விழுக்காடு வரையிலான கட்டணமே தின்றுவிடும். சென்னை விமான நிலையத்தின் பயனர் மேம்பாட்டுக் கட்டணம் சீட்டு எங்கே வாங்கினாலும் ஒன்றுதான்.

வாங்குபவர் யார் என்று பார்த்து விலை வைக்கும் முறையும் உண்டு. 1990களில் இந்திய உள்நாட்டு விமானங்களில் வெளிநாட்டவர் ரூபாய்க் கட்டணத்தைவிட அதிகமான டாலர் கட்டணம் செலுத்தினர். சென்னையிலிருந்து மதுரை வழியாகத் தாத்தாவின் ஊருக்குப் போகும் மலேசியக் குடிமகனான தமிழருக்கும் அதே விலைதான். நியாயப்படுத்தக் கடினமான இம்முறை, மலிவு விமான நிறுவனங்களின் வருகைக்குப் பின் மறைந்தது. நேபாளத்தில் சொந்த நாட்டவர், இந்தியர், பிறர் என மூவகைக் கட்டணம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியமோ, தன் விமான நிலையங்களிலிருந்து புறப்படும் பயணங்களுக்குக் குடியுரிமை, வசிப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் கட்டணப் பாகுபாடு காட்டுவதை 2008ஆம் ஆண்டு விதியால் தடைசெய்துள்ளது.