செஞ்சி: கல்லில் இல்லாத தேசிங்கு

செஞ்சி என்ற பெயரைச் சொன்னவுடன் தமிழர் நாவில் அடுத்து எழும் பெயர் தேசிங்குராசன் என்பதே. ஏறத்தாழ எண்ணூறாண்டு வரலாறு கூறப்படும் அக்கோட்டையில் ஓராண்டுகூட முழுமையாக ஆட்சி செய்யாத ஓர் இளைஞன், எஞ்சிய அரசர் அனைவரையும் பின்தள்ளி, மக்கள் நினைவில் அதன் தலைவனாக நிலைபெற்றது எங்ஙனம்? கவிதையில் நாட்டமுடையோர் எண்ணிப் பார்க்கத்தக்க வினா இது.

இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்து எழுந்தது செஞ்சிக் கோட்டை. கோன் மரபினர் தொடங்கினர் என்பது வழிவழிச் செய்தி. விசயநகரப் பேரரசின் கீழிருந்த நாயக்கர் அதனைப் பெருக்கினர். பின்னர் பீசப்பூர்ச் சுல்தானின் படை கைக்கொண்டது. 1677-இல் சிவாசி வென்றார். அவர் மைந்தர் இராசாராம் இங்கு வந்து தங்கியிருந்தபோது, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார்கான் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டு, இறுதியில் கோட்டையைப் பிடித்தார். இராசாராம் தப்பிச் சென்றார். அதன்பின் கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்டவர் புந்தேலகண்டத்து இராசபுத்திரரான சொரூப்சிங். அவருடைய மகன் தேச்சிங் என்பவனே நம் தேசிங்கு.

விடுமுறை நாளொன்றில் குடும்பத்துடன் அங்குச் சென்றிருந்தேன். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில், பாறைகளை அள்ளிக் குவித்தாற்போன்ற குன்றுகள் தொலைவிலேயே தென்படுகின்றன. அடுக்கடுக்காய் உயர்ந்த கல்யாண மகால், மலையனைய நெற்களஞ்சியம், யானைக்குளம், வேங்கடரமணர் கோயில் என ஒவ்வொன்றாகக் கண்டோம். அக்கோயிலின் தூண்கள் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர் பெயர்த்துச் சென்றனர். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்பவை அவையே. வெயில் ஏறுமுன் இராசகிரியின் படிகளில் ஏறத் தொடங்கினோம். உச்சியை நெருங்கும் இடத்தில், ஆழ்ந்த பிளவின் மீது அமைந்த சிறு பாலத்தைக் கடந்தே அரங்கநாதர் கோயிலை அடைதல் வேண்டும். அங்கு அமர்ந்து இளைப்பாறியபோது என் மகள், "அப்பா, இதில் தேசிங்கு கட்டியது எது?" என்று வினவினாள்.

தேசிங்கு கட்டியதென உறுதியாகச் சுட்டுதற்கு அங்கு ஒன்றுமில்லை. கட்டுதற்கு அவனுக்குக் காலம் வாய்க்கவுமில்லை. ஆனால் அவனை வீழ்த்திய ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் பெயரால் ஒரு பள்ளிவாசல் இராசகிரி அடிவாரத்தில் இன்றும் நிற்கிறது. வென்றவனுக்குக் கல் கிடைத்தது. தோற்றவனுக்குப் பாட்டுக் கிடைத்தது.

வரலாறு கூறுவது சுருக்கமான செய்தி. தந்தை இறந்தபின் தேசிங்கு கோட்டையின் உரிமையை மேற்கொண்டான். தந்தை செலுத்தாது விட்ட நிலுவைப் பணத்தைக் கேட்டு நவாப் படையெடுத்தார். 1714 அக்டோபரில் நிகழ்ந்த போரில் தேசிங்கு மாண்டான். அகவை இருபத்திரண்டு என்பர். செட்டிக்குளக் கரையில் அவனை எரியூட்டினர் என்றும், இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள் என்றும், அவள் நினைவாக நவாபே இராணிப்பேட்டையை அமைத்தார் என்றும் கூறுவர்.

வரிப்பாக்கியில் முளைத்த இப்பூசலைத் 'தேசிங்குராசன் கதை'ப் பாடல் வேறொன்றாக்குகிறது. தந்தையின் பெயர்கூட அதில் மாறிவிடுகிறது. தில்லியில் எவரும் அடக்கவியலாத குதிரையைச் சிறுவன் தேசிங்கு அடக்குகிறான்; அக்குதிரை பாராசாரி என்ற பெயரோடு கதைமாந்தருள் ஒன்றாகிறது. அவன் உயிர்த்தோழன் மோவுத்துக்காரன் எனப்படும் மகமதிய வீரன். மணக்கோலத்தில் இருந்தவன், போர்ச்செய்தி கேட்டு மணப்பந்தலை விட்டு எழுந்து வந்து நண்பனுடன் களத்தில் உயிர் விடுகிறான்.

இங்கேதான் நாட்டுப்புறக் கவிஞனின் நெஞ்சைக் காண்கிறோம். மாண்ட மன்னன் வடபுலத்து இந்து. எதிர்த்த நவாப் இசுலாமியர். சமயப் பகையாக இக்கதையைத் திரித்தல் எளிதாயிருந்திருக்கும். பாடியவனோ நவாபுக்கு எதிரே நின்ற இசுலாமியத் தோழனைக் காவியத்தின் நடுவே நிறுத்தினான். பேரரசர்களின் எட்டாண்டு முற்றுகை அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. இரு இளைஞரின் நட்பே பெரிதாகப் பட்டது. தமிழரல்லாத ஒருவனைத் தமிழ் தத்தெடுத்துக்கொண்டதும் இந்த நட்பின் பொருட்டே என்று எனக்குத் தோன்றுகிறது.

2025-இல் மராட்டியர்தம் படைசார் நிலப்பரப்புகள் என்னும் வரிசையில், பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. தமிழகத்திலிருந்து அவ்வரிசையில் சேர்ந்தது செஞ்சி ஒன்றே. மகிழத்தக்க செய்தி, கற்களுக்கு இனிக் காவல் உண்டு. பாட்டுக்குக் காவல் யார்? பெரிய எழுத்துப் பதிப்பாகச் சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்ற அந்நூலை இன்று தேடித்தான் பெற வேண்டியுள்ளது. அதனை இராகத்தோடு பாடக் கேட்ட முதியோரும் அருகி வருகின்றனர்.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்கள் ஒருமுறை செஞ்சிக்குச் செல்லல் வேண்டும். சென்றால் மதில்களைக் கண்டதோடு மீளாது, சுற்றூர்களில் இப்பாடலை அறிந்தோர் எவரேனும் உளரா எனத் தேடி, அவர் பாடும் வண்ணமே பதிவு செய்து வருதல் வேண்டும். தேசிங்குக்கு அங்கு வேறு கட்டடம் இல்லை.