கையில் அடங்கிய மோட்டார்

ஹார்டுவேர் கடைக்குச் சென்று, வீட்டு வேலைக்கு ஒரு டிரில்லிங் மெஷின் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் நாலைந்து மெஷின்களை எடுத்து மேசைமேல் வைப்பார். ஒன்றில் 10 மி.மீ. என்றும் மற்றொன்றில் 13 மி.மீ. என்றும் எழுதியிருக்கும். 500 வாட், 600 வாட், நிமிடத்துக்கு 2,800 சுற்று என்று எண்கள் இருக்கும். சதுரத்துக்குள் சதுரம் வரைந்த சிறு குறி ஒன்றும் காணப்படும். வாங்க வந்தவர் இவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் விலையையும் நிறத்தையும் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அந்த எண்களும் குறிகளும் எப்படி அங்கே வந்தன என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவை ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் தலைவலிக்குக் கிடைத்த விடை.

துளையிடும் கலை மிகப் பழையது. பலூச்சிஸ்தானத்திலுள்ள மெஹர்கரில், 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்களின் கடைவாய்ப் பற்களில் கற்கூரால் இட்ட துளைகள் இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் அறிவித்தார்கள். வில்லை முன்னும் பின்னும் இழுத்துத் துரப்பணத்தைச் சுழற்றும் தச்சரை மூத்த வாசகர்கள் நேரிலேயே பார்த்திருக்கக்கூடும். துளையிடுவதில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று சுழற்றுவது, மற்றொன்று அழுத்துவது. இரண்டையும் கைதான் செய்துவந்தது. சுழற்றும் வேலையை மோட்டாரிடம் ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் மோட்டார் வந்தவுடனேயே தோன்றிவிட்டது. ஆனால் அந்தக் கால மோட்டாரைத் தூக்குவது யார்?

1889-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஆர்தர் ஜேம்ஸ் ஆர்னட், வில்லியம் பிளாஞ்ச் பிரெய்ன் என்ற இருவர் மின்சாரத் துளைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். அது பாறையையும் நிலக்கரியையும் துளைப்பதற்கானது, வீட்டுக்குள் கொண்டுவரக்கூடியதல்ல. 1895-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஃபைன் தொழிலகத்தார் கையால் தூக்கக்கூடிய மின் துளைக்கருவி ஒன்றைச் செய்தனர். தூக்கலாம் என்பது உண்மைதான்; ஆனால் எடை ஏறத்தாழ ஏழரைக் கிலோ! இரு கைகளாலும் பிடித்து, மார்பால் அழுத்தித்தான் அதை இயக்க வேண்டியிருந்தது.

எடையைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இத்தகைய கருவிகளில் இருந்தது. சுழலும் பிட் உலோகத்தில் சிக்கி நின்றுவிட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு என்ற நியூட்டனின் விதி அப்போது வேலை செய்யும். பிட் சுழல முடியாதபோது மெஷினின் உடல் சுழல முயலும். பிடித்திருப்பவரின் மணிக்கட்டையும் சேர்த்துத் திருகும். அந்த நொடியில் மின்சாரத்தை நிறுத்தியாக வேண்டும். ஆனால் இரு கைகளும் மெஷினைப் பிடித்துக்கொண்டிருக்க, சுவிட்சைத் தேட மூன்றாவது கைக்கு எங்கே போவது?

இதற்கு விடை அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலிருந்து வந்தது. டங்கன் பிளாக், அலோன்சோ டெக்கர் என்ற இரண்டு இளைஞர்கள் 1910-ல் அங்கே ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினர். முதலுக்காக பிளாக் தமது மோட்டார் காரை 600 டாலருக்கு விற்றார். பால் புட்டிக்கு மூடி செய்யும் இயந்திரம், மிட்டாயைத் தோய்த்தெடுக்கும் இயந்திரம் என்று பிறர் கேட்டதையெல்லாம் செய்து காலம் தள்ளினார்கள். பிறகு கையடக்கத் துளைக்கருவியில் கவனம் செலுத்தினர். கைத்துப்பாக்கியின் வடிவத்திலிருந்தே அவர்களுக்கு யோசனை பிறந்தது என்பார்கள். துப்பாக்கியைப் போன்ற பிடி. விரல் படும் இடத்தில் விசை. அழுத்தினால் மோட்டார் ஓடும்; விரலைத் தளர்த்தினால் நின்றுவிடும். 1914-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1917-ல் கிடைத்தது. மெஷின் உதறும்போது கை தானாகவே தளரும். தளர்ந்தவுடன் மின்சாரம் நிற்கும். மூன்றாவது கைக்கு அவசியம் இல்லாமல் போயிற்று.

அவர்கள் பயன்படுத்திய மோட்டாரைப் பற்றியும் சற்று விரிவாகப் பார்ப்போம். இன்றைய டிரில்லின் நல்ல குணமும் கெட்ட குணமும் அதிலிருந்துதான் வருகின்றன. அக்காலத்தில் சில நகரங்களில் நேர்மின்னோட்டமும் சிலவற்றில் மாறுமின்னோட்டமும் வழங்கப்பட்டன. இரண்டிலும் ஓடும் மோட்டார் வேண்டும். நிலையான சுருளையும் சுழலும் சுருளையும் தொடராக இணைத்தால், மின்னோட்டம் திசை மாறும்போது இரண்டிலும் ஒரே நேரத்தில் மாறும். ஆகவே சுழலும் திசை மாறாது. இதைப் பொது மோட்டார் எனலாம். வீட்டு மிக்ஸியில் இருப்பதும் இதே இனம்தான். சிறிய உருவத்தில் பெரிய திறனைத் தருவது இதன் சிறப்பு. பளு கூடி வேகம் குறையும்போது மின்னோட்டம் அதிகரிக்கும். திருகு விசையும் அதிகரிக்கும்.

கெட்ட குணமும் இங்கேதான். மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறி அதே தண்டில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. பளு கூடி மோட்டார் தடுமாறும்போது சுருள் அதிகமாகச் சூடேறும். அதே நேரத்தில் விசிறி மெதுவாகச் சுற்றும். காற்று எப்போது மிகவும் வேண்டுமோ அப்போது குறைந்துவிடுகிறது. எனவே கெட்டியான மரத்தைத் துளைக்கையில் சூட்டு வாடை வந்தால், மெஷினைத் தரையில் வைத்துவிட்டு ஆறட்டும் என்று காத்திருப்பது சரியான வழியல்ல. பிட்டை வெளியே எடுத்து, பளு இல்லாமல் ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். இதை அறியாமல் எரிந்துபோன மோட்டார்கள் பல.

இனி அந்த 10, 13 என்ற எண்களைப் பார்ப்போம். முன்பெல்லாம் பிட்டைப் பற்றும் வாயை, அதாவது சக்கை, ஸ்பேனர் கொண்டு முடுக்க வேண்டும். ஸ்பேனர் வழுக்கி விரல் மூட்டில் அடிபட்ட ஆர்தர் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கர் 1902-ல் மூன்று தாடைகளும் பல் வைத்த சாவியும் கொண்ட சக்கை உருவாக்கினார். சாவி போட்டு முடுக்கும் சக் இன்றும் அந்த வழியைச் சேர்ந்ததே. 10 மி.மீ. என்பது பழைய முக்காலரைக்கால் கணக்கைப் போன்ற அங்குலக் கணக்கின் எச்சம்: எட்டில் மூன்று அங்குலம். 13 மி.மீ. என்பது அரை அங்குலம்.

சக் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று நினைக்க வேண்டாம். வேகத்தையும் கணக்கிட வேண்டும். 13 மி.மீ. பிட் நிமிடத்துக்கு 2,800 முறை சுழன்றால் அதன் விளிம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 114 மீட்டர் ஓடும். சாதாரண எஃகைத் துளைக்க 25 அல்லது 30 மீட்டர் வேகமே ஏற்றது. அதாவது 650 சுற்று போதும். 2,800 சுற்றில் வைத்து அழுத்தினால் பிட்டின் முனை நீலம் பாய்ந்து மழுங்கிவிடும். மரத்தில் 6 மி.மீ. துளை போடுவதற்கோ முழு வேகமும் நல்லது. ஆகவே விசையை அழுத்தும் அளவுக்கேற்ப வேகம் மாறும் மெஷினையே வாங்க வேண்டும். அரைக்கடத்திகள் வந்த பிறகு இது மலிவாகவே கிடைக்கிறது. 100 வாட் கூடுதலாகப் பெறுவதைவிட இது பயன் தரும் என்பது என் கருத்து.

பட்டறைக் கருவி வீட்டுக்குள் எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் விமானத் தகடுகளுக்கு ரிவெட் துளைகள் எண்ணற்றவை போட வேண்டியிருந்தது. அதற்கான டிரில்கள் அடிக்கடி காணாமல் போயின. தொழிலாளர்கள் வீட்டுப் பழுதுபார்ப்புக்காக அவற்றை எடுத்துச் சென்றிருந்தார்கள்! இதைக் களவு என்று மட்டும் பாராமல், வீடுகளுக்கும் இக்கருவி தேவைப்படுகிறது என்று புரிந்துகொண்டார் டெக்கரின் மகன். 1946-ல் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனம் 17 டாலருக்கும் குறைவான விலையில் கால் அங்குல வீட்டு டிரில்லை விற்பனைக்கு விட்டது. 1952-ல் ஜெர்மனியின் போஷ் நிறுவனமும் வீட்டுக்கான கருவியைக் கொண்டுவந்தது.

அக்காலத்தில் ஒரே டிரில்லுடன் வட்ட ரம்பம், தேய்க்கும் தட்டு, கடைசல் அமைப்பு என்று பல உறுப்புகளை மாட்டி விற்றார்கள். ஒரு மோட்டாரால் எல்லா வேலையும் என்ற எண்ணம் கவர்ச்சியானதே. ஆனால் ரம்பத்துக்கு வேண்டிய வேகம் வேறு, பிடி வேறு, பாதுகாப்பு மூடி வேறு. வளைவாக மரம் அறுக்கும் ஜிக்சா, சுவிட்சர்லாந்தில் ஆல்பர்ட் கௌஃப்மன் தையல் இயந்திரத்தின் ஊசியிருந்த இடத்தில் ரம்ப அலகை மாட்டியதிலிருந்து பிறந்தது. அதற்கு மேலும் கீழும் போகும் அசைவு வேண்டும்; டிரில் தருவதோ சுழற்சி. இன்றும் பெட்டி நிறைய உறுப்புகளுடன் விற்கும் தொகுதிகளைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் நல்ல டிரில் ஒன்று. தேவை வந்தபின் ரம்பம் தனியாக.

அடுத்து, சதுரத்துக்குள் சதுரம். பழைய டிரில்களின் உடல் வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. உள்ளே ஒரு கம்பியின் உறை தேய்ந்து உடலைத் தொட்டால், பிடித்திருக்கும் கையில் முழு மின்னழுத்தமும் பாயும். தரைக்கம்பி சரியாக இணைந்திருந்தால் மின்சாரம் அவ்வழியே போய்விடும். ஆனால் நம் வீடுகளில் மூன்று முனை பிளக்கைக் கழற்றிவிட்டு இரண்டு கம்பியைத் தீக்குச்சியால் சொருகும் வழக்கம் உண்டல்லவா? எங்கள் வீட்டில் அலமாரி மாட்ட இரவல் வாங்கிய உலோக டிரில் ஒன்றில் நானே அப்படிச் செய்தேன். கால் ஈரத் தரையில் இருந்தது. விரல் விசையிலிருந்து நழுவியதால் தப்பினேன். முழங்கை இரண்டு நாள் மரத்துக் கிடந்தது.

பிளாஸ்டிக் உடல் வந்தபின் இரட்டை மின்காப்பு என்ற முறை பரவியது. கம்பிகளுக்கு வழக்கமான காப்பு ஒன்று. அது பழுதானாலும் உலோகப் பகுதிகளுக்கு மின்சாரம் எட்டாதபடி இரண்டாவது காப்பு ஒன்று. இதைத்தான் இரட்டைச் சதுரம் குறிக்கிறது. இக்குறி உள்ள மெஷினுக்கு இரு முனை பிளக் இருப்பது குறையன்று. குறி இல்லாவிட்டால் தரைக்கம்பி கட்டாயம் வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவரும் டிரில்லில் 120 வோல்ட் என்றிருந்தால், நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகாதீர்கள். சில நொடிகளில் புகைந்துவிடும்.

கம்பியே இல்லாமல் செய்துவிட்டால்? 1961-ல் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனமே நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடும் டிரில்லை வெளியிட்டது. ஆனால் திறன் மிகக் குறைவு. சந்திரப் பயணத்துக்காகத்தான் பேட்டரி டிரில் கண்டுபிடிக்கப்பட்டது என்று பலர் எழுதுகிறார்கள், வரிசை தலைகீழ். அப்போலோ-15 வீரர்கள் 1971-ல் சந்திரனில் பேட்டரி டிரில்லால் இரண்டு மீட்டருக்கும் மேல் துளையிட்டு மண் எடுத்தபோது, அந்த முதல் டிரில்லுக்குப் பத்து வயதாகியிருந்தது. 1978-ல் ஜப்பானின் மக்கிதா 7.2 வோல்ட் டிரில்லைத் தந்தது. 2005-ல் மில்வாக்கி நிறுவனம் 28 வோல்ட் லித்தியம்-அயனி பேட்டரியைக் கருவிகளில் புகுத்திய பிறகே பேட்டரி டிரில் கம்பி டிரில்லுடன் போட்டியிட முடிந்தது.

இருந்தாலும் ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி. 600 வாட் வேலையை அது நான்கு நிமிடம்கூடத் தாங்காது. மரச்சாமான் பூட்டவும் திருகு முடுக்கவும் பேட்டரி டிரில் அருமையானது. செங்கல் சுவரில் அடிக்கடி துளை போடுவோருக்குக் கம்பியும் அதிர்வும் உள்ள டிரில் சிக்கனம். கான்கிரீட் கூரையில் நாலு துளை போட வேண்டுமென்றால், காற்று உந்துதட்டால் அடிக்கும் கனமான சுத்தியல் டிரில்லை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பதே மேல்.

கடையில் மெஷினைக் கையில் வாங்கியதும் விசையின் பக்கவாட்டில் ஒரு சிறு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். பல கம்பி டிரில்களில் அது உண்டு. அதை அழுத்திவிட்டால், விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். மெஷினைத் தாங்கியில் இறுகப் பொருத்தி வேலை செய்யும்போது அது உதவும். கையில் பிடித்திருக்கும்போது அதைத் தொட்டால், 1917-க்கு முந்திய மெஷினைப் பிடித்தது போலத்தான்.